கடலில் ஒளிந்திருந்த அலை

கடற்கரையில் காலை நனைக்கும் அலையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சில நொடிகளில் வந்து போய்விடும். ஆனால், பெருங்கடலைக் கடக்க 10, 20 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அலைகளும் உண்டு தெரியுமா குட்டீஸ்? கப்பலில் போகிறவர்களின் கண்ணுக்குக்கூட அவை தெரியாது. அவற்றுக்கு, 'ராஸ்பி அலைகள்' என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர், கார்ல் குஸ்தாப் ராஸ்பி.

சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், 1898 டிசம்பர் 28ல் பிறந்தார் ராஸ்பி. சிறு வயதில் வந்த காய்ச்சல் அவரது இதயத்தைப் பாதித்தது. ஆனாலும், சும்மா உட்கார்ந்திருப்பவர் அல்ல அவர். கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, 1919ல் நார்வேயின் பெர்கன் நகருக்குப் போனார். அங்கே வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற பேராசிரியர், நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று நம்பி, ஆராய்ச்சி செய்து வந்தார். அந்த ஆசை ராஸ்பியையும் தொற்றிக்கொண்டது. வானிலை பார்ப்பதற்காகக் கப்பல்களிலும் சென்றார். 1923ல் அப்படிச் சென்ற ஒரு கப்பல், கிரீன்லாந்து அருகே பனியில் சிக்கிக்கொண்டது!

1926ல் அமெரிக்கா சென்ற அவர், இரண்டே ஆண்டுகளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானிலைப் படிப்பைத் தொடங்கி வைத்தார்.

கணக்குப் போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ரிச்சர்ட்சன், வெறும் ஆறு மணி நேர மாற்றத்தைக் கணக்கிடவே வாரக்கணக்கில் உழைத்தார். விடையும் தப்பாகிப் போனது. அப்போது கம்ப்யூட்டர் ஏது?

ராஸ்பி வேறு வழியில் போனார். வெப்பம், ஈரம், மேகம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பூமியின் சுழற்சியை மட்டும் எடுத்துக்கொண்டார். வட துருவத்தில் நிற்பவர், தட்டாமாலை சுற்றுவதுபோல், நின்ற இடத்திலேயே ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றிவிடுவார். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அந்தச் சுற்றல் கிடையாது. துருவத்தை நெருங்க நெருங்க இது கூடும். பூமியின் வடபாதியில், வடக்கே நகரும் காற்று, பழைய சுற்றலைச் சுமந்து போவதால், புது இடத்தோடு ஒத்துப்போகாமல் தெற்கே திரும்பும். வந்த வேகத்தில், புறப்பட்ட இடத்தையும் தாண்டிவிடும். மறுபடி வடக்கே... ஊஞ்சல்போல!

இதுதான் அந்த அலை. அலையின் நீளமும், காற்றின் வேகமும் தெரிந்தால், அலை நகரும் வேகத்தைக் காகிதத்திலேயே கணக்கிடும் எளிய சமன்பாட்டை, 1939ல் வெளியிட்டார். காற்றைப் பற்றிய அந்தக் கட்டுரை வந்தது, ஒரு கடல் ஆராய்ச்சி இதழில்! பொருத்தம்தான், கடல்நீருக்கும் அதே கணக்கு பொருந்தும்.

1947ல் தாய்நாடு திரும்பி, ஸ்டாக்ஹோமில் வானிலை ஆய்வு நிலையம் அமைத்தார். 1954ல் அவரது குழு, 'பெஸ்க்' என்ற கம்ப்யூட்டரின் உதவியோடு, உலகிலேயே முதன்முறையாக அன்றாட வானிலைக் கணிப்பைத் தொடங்கியது. 1957 ஆகஸ்ட் 19ல் ராஸ்பி காலமானார். அப்போது வயது 58.

கடலில் இருந்த ராஸ்பி அலைகளைத் தெளிவாகப் பார்க்க, மேலும் 35 ஆண்டுகள் ஆயின. 1992ல் அமெரிக்காவும் பிரான்சும் ஏவிய, 'டோபெக்ஸ் பொசைடன்' செயற்கைக்கோள், கடல் மட்டத்தை விண்வெளியிலிருந்து அளந்தது. மேலே பார்த்தால் சில சென்டிமீட்டர் உயரம்தான். ஆனால், நீளமோ பல நூறு கிலோமீட்டர். உள்ளே, சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் இடையிலான எல்லையையே பல மீட்டர் ஏற்றி இறக்கிவிடும்.

பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி சூடாகி, 'எல் நினோ' வரும்போது, இவை மேற்கே கிளம்பும். நிலநடுக்கோட்டுக்கு அருகே சில மாதங்களில் ஆசியப் பக்கத்துக் கரையை அடைந்து, வேறுவகை அலையாகக் கிழக்கே திரும்பி, எல் நினோவை அடக்க உதவும். எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பலமுறை குறைந்திருக்கிறது. அதனால்தான், இந்த அலை எப்போது எங்கே சேரும் என்ற கணக்கு அவ்வளவு முக்கியம்.

நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போனால், அலை ஆமைதான். 1982-83ல் வந்த எல் நினோ கிளப்பிவிட்ட ஓர் அலை, பத்து ஆண்டுகள் கழித்தும் வட பசிபிக்கில் மேற்கே போய்க்கொண்டிருந்ததாகவும், ஜப்பான் பக்கத்துக் கடல் நீரோட்டத்தின் பாதையையே அது மாற்றியதாகவும், 1994ல் விஞ்ஞானிகள் தெரிவித்தனர்.