எண்ணை வினாவிய ஆசிரியர்

இலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் எனக்குக் கணிதம் எட்டாத துறை. ஆயினும் பிரான்சு தேசத்துப் பள்ளியாசிரியர் ஒருவரின் வரலாறு என் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை.

அவர் பெயர் எடுவார்ட் லூக்காஸ். 1842இல் அமியென் நகரிற் பிறந்தார். பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்திற் சிலகாலம் பணியாற்றினார். 1870இல் பிரசியாவோடு போர் மூண்டபோது பீரங்கிப் படையிலிருந்தார். போர் ஓய்ந்தபின் ஆசிரியரானார்.

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததை முதன்மை எண் என்பர். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அத்தகைய எண்ணே என்று மெர்சென் என்னும் துறவி 1644இல் எழுதிவைத்தார், நிறுவினாரல்லர். அது 39 இலக்கங்கொண்டது. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கப் புகுந்தால் ஆயிரம் ஆயுளும் போதா.

லூக்காஸ் வகுஎண் தேடவில்லை. 3இல் தொடங்கி, அதனை வர்க்கித்து, 2 கழித்தார். வந்ததை ஆராயும் எண்ணால் வகுத்து மீதியை மாத்திரம் கொண்டு, அதனை மீண்டும் வர்க்கித்தார். ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த 127ஐ யானே இவ்வாறு சோதித்தேன். 3, 7, 47, 48, 16 என வந்து ஆறாம் இடத்திற் பூச்சியம் நின்றது. அப்பூச்சியமே சான்று, 127 முதன்மை எண். மெர்சென் கூறிய பேரெண்ணுக்கோ 125 முறை வர்க்கித்தல் வேண்டும். கட்டமிட்ட பலகையிற் காய் வைத்து அதனைச் செய்து, 1876இல் விடை கண்டார். 1951 வரை அதனினும் பெரிய முதன்மை எண்ணை எவரும் அறிந்திலர். கையாற் கணித்து நிறுவியவற்றுள் இன்றும் அதுவே பெரியது.

அவ்வாண்டிலேயே 67 இரண்டுகளால் அமைந்த எண்ணைப்பற்றி மெர்சென் கூறியது பிழையென்றார். எதனால் அது வகுபடும் என்று மட்டும் சொல்ல இயலவில்லை. காரணி காட்டாத தீர்ப்பை எங்ஙனம் ஏற்பது என்று கணித ஆசிரியரோடு யான் வாதிட்டதுண்டு, தோற்றதும் உண்டு. 1903இல் அமெரிக்கரான கோல் என்பார் 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளைக் கண்டு காட்டினார். லூக்காஸ் கூறியது மெய்யாயிற்று. அதைக் காண அவர் உயிரோடில்லை.

விளையாட்டிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. மூன்று கம்பங்களில் தட்டுகளை மாற்றும் ஹனோய்க் கோபுரத்தை 1883இல், தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப் புனைந்த பெயரால் வெளியிட்டார். ஏழு தட்டுகளாயின் குறைந்தது 127 நகர்த்தல்கள், அதே எண்தான்! எம் மாணவர் அட்டை வெட்டிச் செய்துபார்த்தனர். ஒருவன் 131 என்று வந்து நின்றான்; மீண்டும் அனுப்பினேன்.

1891இல் விருந்தொன்றிற் பணியாள் தவறவிட்ட தட்டின் சில்லுப் பட்டு லூக்காஸின் கன்னம் கிழிந்தது. புண்ணிற் கிருமி பரவிச் சில நாளில் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 49.