அதிபரின் மனைவி பார்த்த ஐந்து மாத வேலை



இந்த முறை சுவர் இதழுக்கு ஒருவருடைய வாழ்க்கை வரலாறு வேணும்னு சொன்னாங்க. காந்தி, காமராசர், பாரதி எல்லாரையும் மற்றவங்க முந்திக்கிட்டாங்க. அதனால் நான் அமெரிக்காவுக்குப் போயிட்டேன். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையார்தான் என்னுடைய ஆள்.

1884 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பணக்காரக் குடும்பம்தான். ஆனா எட்டு வயசுல அம்மா இறந்துட்டாங்க, பத்து வயசு முடியறதுக்குள்ள அப்பாவும் போயிட்டார். பாட்டி வீட்டில் கூச்ச சுபாவத்தோடு வளர்ந்தவரை 15 வயதில் லண்டன் பக்கத்துல ஒரு பள்ளியில் சேர்த்தாங்க. அங்கே தலைமை ஆசிரியை மாரி சூவெஸ்ட்ர், எதையும் சொந்தமா யோசிச்சுப் பேசப் பழக்கினார். அந்த ஆசிரியையின் படத்தை எலினோர் தன் மேசை மேலேயே வைத்திருந்தாராம். (ஆசிரியர்கள் கவனிக்க!)

1905இல் தூரத்து உறவினரான ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். 1921இல் கணவருக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. அவர் அரசியலை விட்டுடக் கூடாதுன்னு எலினோரே கூட்டங்களுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். 1933இல் கணவர் அதிபரானதும் இவர் வெள்ளை மாளிகையில் சும்மா உட்காரலை. பெண் நிருபர்களுக்கு மட்டும் பேட்டி கொடுத்தார். அதனாலேயே சில பத்திரிகைகள் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டியதாச்சு! 1935 கடைசியிலிருந்து வாரத்துக்கு ஆறு நாள் பத்திரிகையில் பத்தி எழுதினார். அதிபர் மனைவிக்கு எதுக்கு இதெல்லாம்னு பேசினவங்களும் நிறைய. எங்கே போனார், யாரோடு சாப்பிட்டார், எவ்வளவு சம்பாதித்தார் என்று எல்லாத்தையும் நோண்டினாங்க.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

1941இல் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம்னு ஒன்று தொடங்கினாங்க. போர் வந்தால் பொதுமக்களைக் காப்பாத்துறது அதன் வேலை. இயக்குநர் நியூயார்க் மேயர் லாகார்டியா. அந்த செப்டம்பரில் எலினோர் உதவி இயக்குநர் ஆனார். சம்பளம் கிடையாது. அதே மாதத்தில்தான் அவருடைய மாமியாரும் தம்பியும் அடுத்தடுத்து இறந்திருந்தாங்க. அதிபரின் மனைவியாக இருந்துகொண்டே அரசுப் பதவியில் உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான்.

லாகார்டியாவுக்கு தீயணைப்பு, அபாயச் சங்கு இதுமேலதான் கவனம். எலினோருக்கோ குழந்தைகள் காப்பகம், சத்தான சாப்பாடு, வீட்டு வசதி. மக்கள் நல்லா இருந்தால்தான் நாட்டுக்குப் பாதுகாப்புங்கறது அவர் எண்ணம். டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. மறுநாள் ராத்திரியே இரண்டு பேரும் விமானம் ஏறி மேற்குக் கடற்கரைக்குப் போய் வேலையை முடுக்கினாங்க.

அப்புறம் வந்தது வம்பு. எலினோரின் தோழி மேரிஸ் சேனி ஒரு நடனக்காரர். அவரைக் குழந்தைகளின் உடற்பயிற்சிப் பிரிவில் வருஷத்துக்கு 4,600 டாலர் சம்பளத்தில் சேர்த்திருந்தாங்க. அப்போ படையில் புதுசா சேர்ந்த சிப்பாய்க்கு மாசம் 21 டாலர்தான்! கணக்குப் போட்டுப் பாருங்க. நடிகர் மெல்வின் டக்ளசுக்கும் கலைப் பிரிவில் இடம். பத்திரிகைகள் சும்மா விடுமா? 1942 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை, பாதுகாப்புப் பணம் நடனத்துக்கும் கேளிக்கைக்கும் போகக் கூடாதுன்னு தடை போட்டது. பிப்ரவரி 20 அன்று எலினோர் பதவி விலகினார். மொத்தம் ஐந்து மாதம்கூட முழுசா இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். எங்க பெஞ்சு இரண்டாப் பிரிஞ்சிடுச்சு. சம்பளமே வாங்காம உழைச்சவரை இப்படி விரட்டலாமான்னு ஒரு கட்சி. அதிபரின் மனைவி ஒரு பெயரைச் சொன்னா எந்த அதிகாரி முடியாதுன்னு சொல்வார், அவரை யார் வேலையை விட்டு நீக்க முடியும்னு இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா கேள்வி கேட்க முடியாத இடத்துல இருக்கிறவர் கையில் பொதுப் பணம் இருந்தால் ஜனங்க கேட்கத்தான் செய்வாங்க. அதுக்காக அவருடைய குழந்தைகள் காப்பகத் திட்டத்தையும் சேர்த்துக் கேலி பண்ணினது அநியாயம். எலினோரும் பின்னால், தன்னைப் போல எளிதில் தாக்கப்படக் கூடியவர் அரசு வேலைக்குப் போனது புத்திசாலித்தனம் இல்லைன்னு எழுதினார். 1967இல் அதிகாரிகள் தங்கள் உறவினரை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டது. அப்படியும் 1993இல் கிளிண்டன் தன் மனைவி ஹிலாரியை சுகாதாரத் திட்டக் குழுவுக்குத் தலைவராக்க, பழைய சண்டை திரும்பவும் கிளம்பிடுச்சு.

1945 ஏப்ரல் 12 அன்று கணவர் காலமானார். இனி எலினோர் யாருடைய மனைவிங்கற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த அதிபர் ட்ரூமன் அவரை ஐ.நா. சபைக் குழுவில் சேர்த்தார். செனட்டில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. குழுவில் இருந்த ஆண்களுக்குத்தான் பிடிக்கலை. பெரிசா எதுவும் நடக்காதுன்னு நினைச்ச மூன்றாம் கமிட்டியில் அவரைப் போட்டாங்க. அகதிகள் பிரச்சினை அங்கேதான் வெடிச்சது. ரஷ்யத் தரப்போடு நின்று வாதாடி ஜெயித்தார்.

பிறகு மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ஆனார். அதில் நம் இந்தியாவின் ஹன்சா மேத்தாவும் இருந்தார். முதல் பிரிவில் ஆண்கள் என்று பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டு மனிதர்கள் என்று போட வைத்தவர் அவர்தான். 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 48, எதிர்ப்பு 0, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. 1952இல் எலினோர் இந்தியாவுக்கும் வந்து போனார். 1962 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

அந்தப் பிரகடனம் தமிழிலும் இருக்கு. மொத்தம் 30 பிரிவுதான், ஒரு பாட வேளையில் படிச்சிடலாம். 21வது பிரிவைப் பாருங்க. தன் நாட்டின் அரசுப் பணியில் சேர எல்லாருக்கும் சம உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கு.