மிக்ஸிக்குப் பின்னால் பெயர் இருக்கும் ஜேம்ஸ் வாட்

இந்தத் தடவை நான் ஜேம்ஸ் வாட் அவர்களின் வாழ்க்கையை எழுதுகிறேன். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று சின்ன வயதில் கதை கேட்டிருப்போம். அந்தக் கதையை எழுதப் போவதில்லை. ஏன்னா அவர் பிறப்பதற்கு முன்பே நீராவி இயந்திரம் இருந்தது.

அவரைப் பற்றித் தேடியதற்குக் காரணம் எங்க அப்பத்தா. ராத்திரி லைட் போட்டுப் படிச்சா கரண்டு பில் ஏறுதுன்னு திட்டும். சீக்கிரம் அணைச்சுட்டுப் படுக்கச் சொல்லும். உண்மையிலேயே என்னாலதான் ஏறுதான்னு பார்க்க, வீட்டில் இருக்கும் சாமான் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். பல்பில் 9 வாட், ஃபேனில் 75 வாட், மிக்ஸியில் 550 வாட், அயர்ன் பாக்ஸில் 1000 வாட். எல்லாத்துலயும் ஒரே மனுஷன் பெயர்!

ஜேம்ஸ் வாட் 1736-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கப்பல் சாமான்கள் செய்து விற்பவர். வாட்டுக்கு அடிக்கடி தலைவலி வரும், உடம்புக்கு முடியாது. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக முடியாததால் அம்மாதான் வீட்டில் சொல்லிக் கொடுத்தார். அப்பாவின் பட்டறையில் உளி, சுத்தி வைத்து விளையாடியே கை பழகிவிட்டது. 1753-இல் அம்மா இறந்துவிட்டார். அப்புறம் லண்டன் போய், ஏழு வருடம் கற்கவேண்டிய கருவி செய்யும் தொழிலை ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டு உடம்பு கெட்டுத் திரும்பினார். கிளாஸ்கோவில் கடை வைக்கலாம் என்றால் அங்கிருந்த தொழிலாளர் சங்கம் விடவில்லை, ஏழு வருடம் கற்கவில்லையாம். கடைசியில் 1757-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகமே உள்ளே ஓர் அறை கொடுத்தது. சங்கம் வேண்டாம் என்றவருக்குப் பல்கலைக்கழகத்துக்குள் பட்டறை!

அங்கே 1763-இல் ரிப்பேருக்கு வந்ததுதான் நியூகாமன் என்பவர் கண்டுபிடித்த இயந்திரத்தின் சின்ன மாதிரி. அது நாலு தடவை ஆடும், நின்றுவிடும். வாட் உட்கார்ந்து யோசித்தார். உருளைக்குள் நீராவி போகும். உடனே அதே உருளைக்குள் பச்சைத் தண்ணீரைத் தெளித்து நீராவியைக் குளிர வைப்பார்கள். அப்போதுதான் உள்ளே வெற்றிடம் வந்து தண்டு கீழே இறங்கும். ஆனால் உருளையும் சேர்ந்து குளிர்ந்துவிடும். அடுத்த நீராவி அதைச் சூடாக்கவே செலவாகிவிடும். இட்லிச் சட்டியை ஒவ்வொரு ஈடுக்கும் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்து மறுபடி அடுப்பில் ஏற்றினால் எவ்வளவு விறகு வீணாகும்? அது மாதிரிதான்.

1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போகும்போது அவருக்கு வழி தெரிந்தது. நீராவியைக் குளிர வைக்கத் தனியாக இன்னொரு பாத்திரம் வைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். யோசனை வந்தது ஒரு நிமிஷத்தில். பெரிய இயந்திரமாக ஓட 1776 ஆகிவிட்டது. பணம் போட்ட கூட்டாளி நொடித்துப் போனார். வாட் கால்வாய்க்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். அப்படி வெளியூரில் இருந்தபோது, 1773-இல், அவர் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு பர்மிங்காமில் மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபர் கூட்டாளி ஆனார். சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க இயந்திரம் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் வாங்கிய கூலிதான் எனக்குப் பிடித்த இடம். பழைய இயந்திரத்தை விட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டு எத்தனை தடவை ஆடியது என்று எண்ணும் ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் வாட். யாரும் ஏமாற்ற முடியாது. நம்ம வீட்டு வாசலில் சீல் வைத்த மீட்டர் இருக்குல்ல, அது மாதிரியே!

அடுத்து மில்காரர்கள் வந்தார்கள். அவர்கள் செக்கு மாடு மாதிரி குதிரையைச் சுற்ற விட்டு வேலை செய்தவர்கள். இயந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்று கேட்டார்கள். வாட் குதிரை இழுப்பதைக் கணக்குப் போட்டு 1783-இல் ஓர் அளவு வைத்தார். நம்ம அளவில், சுமார் 76 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். கிணத்து மோட்டாரை அஞ்சு எச்.பி. என்கிறோமே, அதே எச்.பி. தான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 1800 வரை காப்புரிமையை வைத்துக்கொண்டு, ஹார்ன்புளோயர் போன்றவர்கள் வேறு மாதிரி இயந்திரம் செய்தபோது கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார். கடை வைக்க விடாத சங்கத்தை அவர் மறந்துவிட்டார் போல.

1819-இல், 83 வயதில் இறந்தார். ஸ்விட்ச் போட்டால் எரியும் விளக்கை அவர் பார்த்ததே இல்லை. 1882-இல்தான் வில்லியம் சீமென்ஸ் என்ற விஞ்ஞானி, மின்சாரத்தின் திறனை அளக்கும் அலகுக்கு வாட் பெயரை வைக்கலாம் என்றார். ஒரு எச்.பி. 746 வாட்.

சரி, எங்க வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1000 வாட் என்றால் ரெண்டு சிமெண்ட் மூட்டையை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்குற வேலை. எங்க அண்ணன் சட்டை தேய்க்கிற ஒவ்வொரு நொடியும் அவ்வளவு இழுக்குது (சூடு ஏறினதும் இடையில தானா அணையும், அதைக் கழிச்சுக்கலாம்). என் பல்பு 9 வாட். தினம் 3 மணி நேரம் படிச்சா 27. முப்பது நாளுக்கு 810. மாசத்துக்கு ஒரு யூனிட் கூட முழுசா இல்லை!

அப்புறம் டிவி பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். டிவியை அணைச்ச பிறகும் சூடாக இருந்தது. அதன் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 12 வாட். அதில் பாதி, 6 வாட்தான் இழுக்குதுன்னு வச்சாலும், ராத்திரி பகல் ஓடினால் மாசத்துக்கு 4 யூனிட்டுக்கு மேல் வருது. யாருமே பார்க்காத பெட்டி, என் படிப்பை விட அஞ்சு மடங்கு தின்னுது.

கணக்கை நோட்டில் போட்டு அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். இப்ப அப்பத்தா சீரியல் முடிஞ்சதும் பாக்ஸை ஸ்விட்சிலேயே அணைச்சுட்டுத்தான் படுக்குது. லைட்டுக்குத் திட்டுறதை மட்டும் இன்னும் நிறுத்தலை.