கணினியாக மாறிய மனிதர்

ஆலன் டூரிங் 1912-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைக்க உதவிய கணித மேதை அவர். சதுரங்கத்துடன், கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆடும் ‘கோ’ என்னும் சீன ஆட்டத்தையும் அவர் நண்பர்களுடன் ஆடினார்.

இயந்திரமும் சிந்தித்து ஆடுமா என ஆராய்ந்த டூரிங், 1948-இல் நண்பருடன் இணைந்து சதுரங்க நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். காய்கள் அடுத்தடுத்து வெட்டுப்படும் சிக்கலான நிலையில், வெட்டுகள் ஓயும்வரை கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று விதி வகுத்தார். அந்நிரலை இயக்கும் ஆற்றல் அன்றைய கணினிகளுக்கு இல்லை. எனவே, 1952-இல் டூரிங்கே கணினியின் இடத்தில் அமர்ந்து, தாளில் கணக்கிட்டு ஆடினார். ஒவ்வொரு நகர்வுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது. இறுதியில் நிரல் தோற்றது.

டூரிங் 1954-இல் மறைந்தார். 2016-இல் கணினி நிரல் ஒன்று ‘கோ’ ஆட்ட வீரர் லீ செடோலை 4–1 என வென்றது. அன்று தாளில் தொடங்கிய முயற்சி வீண்போகவில்லை.