மூளையை வரைந்தவர்

பிள்ளை படம் கீறிக்கொண்டிருந்தால் அதை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு என்று சொல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கும் அது பழகிப்போன பேச்சுத்தான். எங்கள் மூளை எதனால் ஆனது, கண்ணில் விழுந்த ஒளி அதற்குள் எந்த வழியாகப் போகிறது என்பதை உலகுக்குக் காட்டிய மனிதரும், படம் கீறியதற்காகத் தகப்பனிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவர் என்று அறிந்தபோது அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர் பெயர் சந்தியாகோ ரமோன் இ கஹால்.

ஸ்பெயினின் வடக்கே பெத்தீயா தே அரகோன் என்ற மலைக் கிராமத்தில் 1852 மே 1ஆம் திகதி பிறந்தார். தகப்பன் ஹுஸ்தோ ரமோன் வறுமையிலிருந்து தன் முயற்சியால் மேலே வந்த கிராமத்து வைத்தியர். உழைப்பைத் தவிர வேறொன்றையும் மதிக்காதவர். மகனோ கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், சுவரெல்லாம் படம். தகப்பன் தாளையும் பென்சிலையும் பறித்தார். ஒருமுறை, கோயில் சுவருக்குச் சாந்து பூச வந்திருந்த ஒருவரிடம் மகன் வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டித் தீர்ப்புக் கேட்டார். அந்தச் சாந்து பூசுபவர், இவனுக்குச் சித்திரம் வராது என்று சொல்லிவிட்டார். வீட்டில் விடயம் அத்தோடு முடிந்தது. ஒரு பிள்ளையின் திறமையை யாரிடம் கேட்டு முடிவு செய்கிறோம் என்பதைப் பெற்றோர்கள் இந்த இடத்தில் சற்று யோசிக்கலாம்.

பையனும் இலேசானவன் அல்ல. பதினொரு வயதில் மரத்தால் ஒரு பீரங்கி செய்து, அயல்வீட்டுத் தோட்டத்துப் படலையை உடைத்து, சில நாட்கள் சிறையில் இருந்தான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய மறுத்து அடிவாங்கினான். தகப்பன் அவனை முதலில் முடிதிருத்துபவரிடமும் பிறகு சப்பாத்துத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். சப்பாத்துத் தைப்பதில் அவன் கெட்டிக்காரனாகவே இருந்தான்.

திருப்பம் 1868இன் கோடைகாலத்தில் வந்தது. மகனை எப்படியாவது வைத்தியத்துக்குள் இழுக்க வேண்டும் என்று நினைத்த தகப்பன், ஒரு பழைய மயானத்துக்கு அவனைக் கூட்டிப்போய், வெளியே கிடந்த மனித எலும்புகளைச் சேகரித்துவந்து உடலமைப்பியல் கற்பித்தார். எலும்பைப் படிக்க வேண்டுமென்றால் எலும்பை வரைய வேண்டும். மகனுக்கு வேறென்ன வேண்டும்? பிற்காலத்தில் இருவரும் சேர்ந்து ஓர் உடலமைப்புப் படப் புத்தகம் வெளியிடவும் எண்ணினார்கள். அது அச்சேறவில்லை. ஆனால் பென்சிலைப் பறித்த கை, மகன் வர்ணம் தீட்டிய தசைகளையும் நரம்புகளையும் பெருமையோடு எடுத்துக்காட்டும் நிலைக்கு வந்தது. கஹாலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நோபல் பரிசு கூட இதற்குப் பிறகுதான்.

1873இல் சரகோசாவில் வைத்தியப் பட்டம் பெற்றார். சரகுஸ்தா என்று அரபு நூல்களில் நாம் காண்கின்ற அதே நகரம். 1118 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பட்டம் பெற்ற கையோடு இராணுவ வைத்தியராகக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்து முகாமில் மலேரியா அவரைப் பிடித்தது. எலும்பும் தோலுமாக 1875இல் ஊர் திரும்பினார். மிச்சம்பிடித்திருந்த சம்பளப் பணத்தில் ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினார். பின்னர் காசநோய் வந்து இரத்தம் கக்கினார், அதிலிருந்தும் எழுந்தார். 1879இல் சில்வேரியாவைத் திருமணம் செய்தார். 1885இல் வலன்சியா பகுதியில் கொலரா பரவியபோது அவர் செய்த ஆய்வுக்காகச் சரகோசா மாகாண நிர்வாகம் தரமான ஒரு நுணுக்குக்காட்டியைப் பரிசளித்தது. பணமில்லாத ஆராய்ச்சியாளருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

அந்தக் காலத்து அறிஞர்களுக்கு மூளை ஏன் இவ்வளவு பெரிய புதிராக இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மூளையின் வெளிப்புறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும் சாம்பல் நிறப் படையை மூளைய மேற்பட்டை என்கிறோம். தடிப்பு இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர்தான். அதற்குள் ஏறத்தாழ 1,600 கோடி நரம்புக்கலங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அதை மெல்லிய துண்டாக வெட்டிச் சாயமிட்டால், எல்லாக் கலங்களும் சாயத்தை உறிஞ்சி, ஒரு பெரிய பற்றைக்காட்டை மேலிருந்து பார்த்ததுபோல் ஆகிவிடும். எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பலர், மூளை முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்று நம்பினார்கள்.

இத்தாலியரான கமில்லோ கொல்ஜி 1873இல் ஒரு வழி கண்டார். மூளை இழையத்தை முதலில் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் பிறகு வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவைத்தால், நூற்றில் ஓரிரு கலங்கள் மட்டும், வேரிலிருந்து நுனிவரை, கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பின்னணியில் மை கொண்டு வரைந்ததுபோல இருக்கும். அந்த முறை பல வருடங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1887இல் மட்ரிடில் லூயிஸ் சிமாரோ என்ற வைத்தியர் வீட்டில் கஹால் அதை முதன்முதலாகப் பார்த்தார். அதன் பிறகு அவர் வேறெதையும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

அதே வருடம் பார்சிலோனாவுக்குப் பேராசிரியராகப் போனார். கொல்ஜியின் முறையில் இழையத்தை இருமுறை ஊறவைத்தார். வளர்ந்த மூளையை விட்டு, பறவைக் கருக்களையும் இளம் விலங்குகளையும் எடுத்தார். முதிர்ந்த காட்டில் ஒரு மரத்தைத் தேடுவதைவிட நாற்றுமேடையில் ஒரு கன்றைப் பார்ப்பது சுலபம் அல்லவா? 1888இல் பறவைகளின் மூளியிலும் விழித்திரையிலும் அவர் கண்டது இதுதான்: கலங்களின் கிளைகள் ஒன்றையொன்று தழுவுகின்றன, சுற்றிப் பின்னுகின்றன, ஆனால் ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு நரம்புக்கலமும் தனி ஆள்.

இதை வெளியிட யாரும் முன்வராததால் சொந்தப் பணத்தில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். முதல் இதழ் வெறும் 60 பிரதிகள். அதை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஸ்பானிய மொழி தெரியாததால் பலர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆகவே 1889இல், தன் நுணுக்குக்காட்டியையும் கண்ணாடித் துண்டுகளையும் பொதிகட்டிக்கொண்டு பேர்லினில் நடந்த உடலமைப்பியலாளர் மாநாட்டுக்குப் போனார். உடைந்த பிரெஞ்சு மொழியில் ஒவ்வொருவராக அழைத்துக் காட்டினார். ஜேர்மனியின் முதுபெரும் அறிஞர் அல்பேர்ட் கோலிக்கர் குனிந்து பார்த்தார், நம்பினார். கஹாலின் எழுத்தை வாசிப்பதற்காகவே அந்த வயதில் ஸ்பானிய மொழி படித்தார்.

இந்த உழைப்புக்கு விலை கொடுத்தது அவர் மட்டுமல்ல. பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில், சஞ்சிகைக்கும் இரசாயனங்களுக்கும் போன பணத்தைச் சாப்பாட்டுச் செலவிலிருந்து மிச்சம்பிடித்தவர் சில்வேரியா. கஹாலின் புகைப்பட வேலைக்குக் கண்ணாடித் தகடுகள் தயாரிக்கவும் அவரே உதவினார். பார்சிலோனாவில் அவர்களது சின்ன மகள் என்ரிக்கேத்தா மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மூளையைப் பற்றி உலகில் எவரையும்விட அதிகம் அறிந்துகொண்டிருந்த தகப்பனால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கஹாலின் விழித்திரைப் படங்களைப் பார்த்தால் அதில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். அவருடைய மிகப்பெரிய எண்ணம் அந்த அம்புக்குறிகளில் இருக்கிறது. செய்தி ஒரு கலத்தின் கிளைகள் வழியாக உள்ளே வருகிறது, நீண்ட இழை வழியாக வெளியே போகிறது, அடுத்த கலத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரே திசைதான். கண்ணில் ஒளியை வாங்கும் கலம் நடுவிலுள்ள கலத்துக்கும், அது பார்வை நரம்பை அனுப்பும் கலத்துக்கும் கொடுக்கிறது. அங்கிருந்து மூளையின் ஆழத்திலுள்ள ஓர் இடைத்தரிப்புக்கும், கடைசியில் தலையின் பின்புறத்து மேற்பட்டைக்கும் போகிறது. காதுக்கும் தோலுக்கும் இப்படியே வழியும் முடிவிடமும் உண்டு.

1892இல் மட்ரிடுக்கு வந்தபின், மனித மேற்பட்டையின் பார்வைப் பகுதி, கேட்டல் பகுதி, தொடுகைப் பகுதி, மணப் பகுதி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் இறந்த சிசுக்களின் மூளைகளையே இதற்குப் பயன்படுத்தினார். அன்று அது சாதாரணம். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைகள் அவர்கள். அந்தப் படங்களை இரசிக்கும்போது அதையும் நினைக்கத்தான் வேண்டும். மேற்பட்டை எங்கும் படைபடையாக ஒரே பொதுத் திட்டத்தில் கட்டப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு புலனின் பகுதிக்கும் தனியான அமைப்பு இருக்கிறது என்று கண்டார். பார்வைப் பகுதியில், கண்ணிலிருந்து வரும் இழைகள் வந்திறங்கும் நடுப்படையில் நட்சத்திரம் போன்ற கலங்கள் நிறைந்திருந்தன. 1899இல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகம் இதைப் பற்றிப் பேச அழைத்தது. கியூபாவை ஸ்பெயின் அமெரிக்காவிடம் போரில் இழந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தயங்கினார், ஆனாலும் போனார்.

பாடப்புத்தகத்தில் இதை வாசித்தபோது எனக்கு விளங்கியதைவிட, என் உம்மும்மாவின் கையில் அதிகமாக விளங்கியது. அவருக்குப் பாரிசவாதம் வந்து, இடது கை சில மாதங்களில் நன்றாகவே அசையத் தொடங்கியது. ஆனால் கண்ணை மூடச் சொல்லி அந்தக் கையில் திறப்பை வைத்தால், குளிர்கிறது என்பார், ஏதோ முனை குத்துகிறது என்பார்; திறப்பு என்று மட்டும் சொல்ல வராது. கண்ணைத் திறந்ததும் சிரிப்பார். விரலில் குறையில்லை, தோலில் குறையில்லை. குளிரையும் கூரையும் நீளத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திறப்பு என்று ஆக்கும் மேற்பட்டைப் பகுதிதான் பாதிக்கப்பட்டிருந்தது. பயிற்சி கொடுத்த தாதி, அரிசிப் பாத்திரத்துக்குள் பொத்தான், நாணயம், தஸ்பீஹ் என்று புதைத்துவைத்து, பார்க்காமல் தேடி எடுக்கச் சொன்னார். 1894இல் இலண்டனில் ஆற்றிய உரையில், பயிற்சியால் நரம்புக்கலங்களின் தொடர்புகள் பெருகலாம் என்ற கருத்தைக் கஹால் முன்வைத்திருந்தார். அதே மனிதர் பிற்காலத்தில், வளர்ந்தவரின் மூளையில் அறுந்த வழிகள் மீண்டும் முளைப்பதில்லை என்றும் எழுதினார். உம்மும்மா முதலாவது கஹாலின் பக்கம். தஸ்பீஹை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்தார். பொத்தானுக்கும் நாணயத்துக்கும் இன்றும் தடுமாறுகிறார்.

1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கொல்ஜிக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒரே சாயத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வலையைப் பார்த்தார், மற்றவர் தனித்தனிக் கலங்களைப் பார்த்தார். விழாவுக்கான உரையில் கொல்ஜி தன் வலைக் கொள்கையையே ஆதரித்துப் பேசினார். எதிரே கஹால் உட்கார்ந்திருந்தார்.

மாணவிகள் வாசிக்கும் சஞ்சிகையில் இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இளம் ஆராய்ச்சியாளருக்கு அவர் எழுதிய அறிவுரை நூலில், பெண்ணை அறிஞரின் மனைவியாகவே பெரிதும் பார்க்கிறார். சில்வேரியாவைப் போன்ற மனைவி அமைய வேண்டும் என்பதுதான் சாரம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய ஆய்வுகூடத்தின் கதவு மூடியிருக்கவில்லை. 1911இல் அவுஸ்திரேலியரான லோறா ஃபோர்ஸ்டர் என்ற பெண் வைத்தியர் அங்கே வந்து, பறவைகளின் முண்ணாணில் நரம்பிழைகள் அழிவதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். மனுவேலா செர்ரா என்ற ஸ்பானியப் பெண் 1921இல் தன் பெயரில் மட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1924இல் கனடாவின் வைல்டர் பென்பீல்ட் மட்ரிடுக்கு வந்து கஹாலின் மாணவர் ரியோ ஓர்த்தேகாவிடம் சாயமிடும் கலையைக் கற்றார். விழித்திருக்கும் நோயாளியின் மேற்பட்டையை மின்சாரத்தால் தொட்டு, உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பின்னாளில் வரைபடம் போட்டவர் அவர்தான். அந்த வரைபடத்தில் முதுகு முழுவதற்கும் ஒரு சிறு துண்டு. கைக்கும் உதட்டுக்கும் பெரும் பங்கு. உம்மும்மாவின் திறப்பு தொலைந்துபோனது அந்தப் பகுதியில்.

சில்வேரியா 1930இல் இறந்தார். கஹால் 1934 ஒக்டோபர் 17ஆம் திகதி, 82 வயதில், மட்ரிடில் காலமானார். அவர் கையால் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் மிஞ்சின. பல துண்டுகளில் கண்டதை மனதில் சேர்த்து ஒரே தாளில் வரைந்தவை அவை. எந்தப் புகைப்படக் கருவியாலும் எடுக்க முடியாதவை. கலங்களுக்கிடையே இடைவெளி இருக்கிறது என்று அவர் வரைந்தாரே தவிர, அந்த இடைவெளியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய நுணுக்குக்காட்டிக்கு அது எட்டாது. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் அது தெரிந்தது. அகலம், ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் 20 பங்கு.