மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையவர்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளுள் அரசாங்க உத்தியோகத்திற் புகுவோர் தொகை பெருகி வருதல் கண்டு மகிழாதார் இலர். ஆயின் அம்மகிழ்ச்சியோடு ஒரு தொல்லையும் உடன் வருகின்றது. நம்மவன் ஒருவன் தாலுகா ஆபீஸிலோ நியாயஸ்தலத்திலோ நாற்காலியில் அமர்ந்த அன்றே, எரியோட்டிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் உள்ள உறவின்முறையார் சிலர், இனி நம் காரியம் எளிதில் முடியும் என்று மனக்கணக்கு இடத் தொடங்கிவிடுகின்றனர். அவன் மறுத்தாற் குலத்தை மறந்தான் என்பர். இசைந்தாற் கடமையை மறந்தவனாவான். இங்ஙனம் இருதலைக் கொள்ளி எறும்புபோலத் தவிக்கும் இளைஞர்க்கு அறிவுரை பல கூறுவதினும், ஒருவருடைய வரலாற்றைக் கூறுதல் நலம் என எண்ணி இதனை எழுதுகின்றோம்.

வேதநாயகம் பிள்ளையவர்கள் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிலே, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848-இல் அந்நியாயஸ்தலத்திலேயே பதிவேடு காக்கும் வேலையில் அமர்ந்து, ஈராண்டில் மொழிபெயர்ப்பாளராகி, முப்பது வயதை ஒட்டித் தரங்கம்பாடி முன்சீப் ஆயினார். அவ்வூரை டேனியர் 1845-இலேதான் ஆங்கிலேயர்க்கு விற்றிருந்தனர். பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் முன்சீப் வேலை பார்த்தார். 1872-இல் அவ்வேலையினின்றும் நீங்கினார்.

இவ்வரலாற்றிலே நாம் நின்று நோக்கற்பாலது ஒன்று உண்டு. அக்காலத்து முன்சீப் என்பவர் எந்தச் சட்டத்தைக் கையாண்டார்? கடன், அடைமானம் முதலியன ஒருபுறம் இருக்க, தாயபாகம், விவாகம், சுவீகாரம் ஆகிய வழக்குக்களில் இந்துக்களுக்குத் தரும சாஸ்திரத்தையும் முகமதியர்க்கு அவர்தம் மார்க்கச் சட்டத்தையும் கொண்டே தீர்ப்பளித்தல் வேண்டும் என்பது அரசாங்கத்தின் விதி. சுவீகாரம் எதற்கு? இறந்தோர்க்குப் பிண்டமும் நீர்க்கடனும் செய்ய ஒரு புத்திரன் வேண்டும் என்பதற்கு. அந்நம்பிக்கை கிறிஸ்தவராகிய வேதநாயகம் பிள்ளையவர்களுக்கு உடன்பாடன்று. ஆயினும் அந்நம்பிக்கையின்மேல் எழுந்த சட்டத்தை வழுவின்றிச் செலுத்துவதே அவர் வகித்த பதவியின் கடமை.

இதனினும் கடியது மற்றொன்று. பாகம் பிரியாத குடும்பத்தில் ஆண்மக்கள் இன்றி ஒருவன் இறப்பானாயின், அவன் பங்கு உடன்பிறந்தார்க்கே போய்ச் சேரும். கைம்பெண்ணுக்கு உண்டியும் உடையுமாகிய ஜீவனாம்சமே உரியது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம் நாட்டில் இதுவே முறை. பெண்மக்களின் கல்விக்கும் மேன்மைக்கும் ஓயாது எழுதியவர் நம் முன்சீப் அவர்கள். 1869-இல் பெண்மதி மாலை இயற்றினார். இத்தகையார் மனம், கைம்பெண் ஒருத்தி பங்கிழந்து நிற்கும் வழக்கு எதனையும் நோவின்றிக் கண்டிராது என்றே யாம் எண்ணுகின்றோம். எனினும் நீதிபதியின் மனம் இரங்குவதற்கேற்பச் சட்டம் வளையுமாயின், நாளை வேறொரு நீதிபதி வேறொன்றை விரும்பி அதனை வேறு பக்கம் வளைப்பார்; வளைந்த கோல் எளியாரையே முதலில் அடிக்கும். ஆகலின் அவர் தம் கொள்கையைத் தீர்ப்பிலே புகுத்தாது, புத்தகத்திலே வைத்தார். மன்றம் சட்டத்துக்கு உரியது. ஏடும் எழுத்தாணியும் தமக்கு உரியன. இப்பாகுபாடே அவர் கண்ட வழி எனத் தோன்றுகின்றது.

வேறு வழியும் உண்டு. அக்காலத்துக்குச் சற்று முன்னே சென்னைப் படைத்தலைவராய் இருந்த சர் பெரிகிரின் மெயிட்லண்டு என்பார், இந்துத் திருவிழாக்களுக்குப் படையினர் சென்று மரியாதை செய்தல் வேண்டும் என்ற முறையைத் தம் சமயக் கொள்கைக்கு மாறென்று கருதி, 1838-இல் பதவியையே துறந்தார். அவரையும் யாம் இகழோம். கடமையைச் செய்ய மனம் இடங்கொடாதவன் விலகுதல் நேர்மையே. பதவியில் இருந்துகொண்டே கடமையைத் திரிப்பதுதான் இழிவு.

வேதநாயகம் பிள்ளையவர்கள் விலகவும் இல்லை, திரிக்கவும் இல்லை. மேலும் ஒன்று செய்தார். சட்டம் இன்னதென்று அறியாமையே குடிகளின் பெருந்துன்பம் என்று கண்டு, 1805 முதல் 1861 வரையிலான சதர் நியாயஸ்தலத்துத் தீர்ப்புக்களைத் திரட்டித் தமிழாக்கி, 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் அச்சிட்டார். சென்னையில் உயர்நீதி மன்றம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. ஆங்கிலம் அறியாக் கட்சிக்காரன் முன்னே வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை அவர் நகையாடியதைப் பிரதாப முதலியார் சரித்திரம் படித்தோர் அறிவர். 1879-இல் வெளிவந்த அந்நூல் தமிழின் முதற் புதினம். கைக்கூலியை அவர் கண்டித்ததோ நெடுநாள் முன்னரே. 1859-இல் வெளிவந்த நீதிநூலில் அதனைக் காணலாம். அப்போது அவர் முன்சீப் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார் என்பதை மறத்தலாகாது. ஊரார்க்குச் சொல்லிய சொல் தம்மையும் கட்டும் அன்றோ!

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இவர்மீது குளத்துக் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரை இவர் பாடினார். சைவ மடத்துத் தலைவரும் கிறிஸ்தவ முன்சீப்பும் நண்பராய் இருந்த காட்சி இனியதே. ஆயினும் நிலபுலம் மிக்க மடத்துக்கு அண்மையில் நீதி செலுத்துபவர் அதன் தலைவரைப் பாடலாமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். அவ்வையம் தவறன்று, நம் காலத்து உத்தியோகஸ்தர் அவ்வளவு நெருங்காதிருப்பதே நலம் என்பது எம் கருத்து. சமயம் வேறாயினும் நட்பு ஒன்றாதலை யாம் பாராட்டுகின்றோம். பார்ப்பவர் கண்ணுக்கும் நீதி நேராய்த் தோன்றல் வேண்டும் என்பதனையும் விடமாட்டோம்.

பதவி நீங்கியபின் மாயூரம் நகரசபைத் தலைவராய் இருந்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பலர் உயிரைக் காத்தார். இன்ன சாதி, இன்ன சமயம் என்று பாராத அவ்வறத்தைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய வாய் அது.

பஞ்சம் தணிந்துவந்த 1878-ஆம் ஆண்டிலேயே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை நினைந்து பாடுமாறு அமைந்த கீர்த்தனைகள் அவை. தம் சமயத்துக்கென்றே தேவமாதா அந்தாதி முதலிய நூல்களைத் தனியே இயற்றினார். ஒன்றை மற்றொன்றிற் கலக்கவில்லை. 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளில் ஒலிக்கும்போது, இயற்றியவர் சமயம் இன்னதென்று கேட்போரிற் பலர் வினவுவதில்லை.