எல்லாப்பிரகட சுப்பாராவ்

1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், ஆந்திர நாட்டின் பீமாவரத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் சுப்பாராவ் பிறந்தார். படிப்பில் சுட்டி என்று அவரை யாரும் கூறியிருக்க முடியாது. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். அன்னை வெங்கம்மா விடவில்லை. பிடித்து வந்து பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து தேறினார். (பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் எங்களுக்கு இது எத்துணை ஆறுதல்!) பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். அங்கே காந்தியடிகளின் சொற்படி கதராடை உடுத்தியது ஆங்கிலப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அந்நாட்களில் அக்குடும்பத்தில் பேரிடி விழுந்தது. எட்டு நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர் இருவர் 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோயால் மாண்டனர். நம் பெரியோர் கிராணி என்பார்களே, அந்த வகையைச் சேர்ந்த நோய் இது. சுப்பாராவையும் அது விடவில்லை. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். சிறுகுடலில் கிருமிகள் பெருகி அதன் உட்சுவரைப் பழுதாக்குவதே இந்நோய்க்குக் காரணம் என்று இன்று கருதுகின்றனர். அதனால் உண்ட உணவின் சத்து உடலில் சேராது. நோயாளி உண்டுகொண்டே மெலிவார், இரத்தமும் குன்றும். 1960-களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் இது கொள்ளை நோயாகவே பரவியதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

பின்னர் இளம் மனைவி சேஷகிரியைப் பிரிந்து அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலம் அகற்றும் வேலை. அவர் சென்ற பிறகு பிறந்த ஆண்மகவு ஓராண்டு நிறையுமுன் இறந்தது. அதன் முகத்தைக்கூட அவர் காணவில்லை. பேராசிரியர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, உடலின் ஒவ்வோர் உயிரணுவும் சக்தி பெறும் ஏ.டி.பி. என்னும் பொருளை ஆராய்ந்து வெளியிட்டார். நாம் கணக்குப் போடும்போது நம் மூளை செலவிடுவதும் அதுவே.

1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சகோதரர்களைக் கொன்ற நோயை அவர் மறக்கவில்லை. 1945-இல் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அடுத்த ஆண்டே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது, பலர் தேறினர். யானைக்கால் நோயின் புழுவை ஒழிக்கும் ஹெட்ரசான் மருந்தும், ஆரியோமைசினும் அவர் கூடத்தில் பிறந்தவையே. 1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், தாய்நாடு திரும்பாமலே நியூயார்க்கில் உயிர் நீத்தார்.

வயிற்று நோய் வயிற்றோடு நிற்பதில்லை. கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடித்தளம் அமைகிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பிறந்த பின்போ கொக்கிப்புழு காத்திருக்கிறது. அது குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்ச, இரும்புச்சத்து குறைகிறது. குழந்தை சோர்ந்து, பாடத்தில் மனம் செல்லாமல் அமர்ந்திருக்கும். மந்தம் என்று நாம் பெயர் சூட்டிவிடுகிறோம். நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வறண்ட பூமிதானே, ஈர மண்ணில் வாழும் புழுவுக்கு இங்கென்ன வேலை என்று எண்ணலாகாது. மழைக்குப் பின் கண்மாய்க் கரையும் ஓடையோரமும் ஈரந்தான். வெறுங்காலுடன் நடப்போரும், அங்கேயே மலங்கழிப்போரும் இன்னும் உளர்.

குடற்புழு நீக்க நாளில் தரப்படும் அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும். இழந்த இரும்பை மீட்டுத் தராது. அம்மாத்திரையால் மட்டும் படிப்பு உயரும் என்று பெரிய ஆய்வுகளும் கூறவில்லை. எனவேதான் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பு முதல் வாரந்தோறும் ஒரு நீல மாத்திரை வழங்குகின்றனர். அதில் இரும்புச்சத்துடன், 500 மைக்ரோகிராம் அளவில் சுப்பாராவ் குழுவின் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மதிய உணவுக்குப் பின்பே உட்கொள்ளல் நன்று.